பழைய லாரியில் சார்ஜிங் கோளாறு: எங்கே தொடங்கி எந்த வரிசையில் பார்ப்பது

காலையில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் புது பேட்டரி வாங்கி வைப்பார்கள். ஒரு வாரத்தில் அதுவும் இறங்கிவிடும். அப்புறம் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியை ஏற்றும் கருவி) மாற்றுவார்கள். அதற்கும் சரியாகாமல் ஒயரிங்கைப் பிரித்துப் போட்ட பிறகுதான் சேஸிஸில் துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட் (பேட்டரியின் மைனஸை வண்டியின் உலோக உடம்போடு இணைப்பது) கண்ணில் படும். செலவுகூடப் பரவாயில்லை, பிரித்த ஒயரிங்கில் புதிதாக நாலு கோளாறு சேர்ந்திருக்கும்.

அதனால் இங்கே எதையும் கழற்றாமல் மீட்டரை வைத்தே பார்க்கக்கூடியவை முதலில் வருகின்றன. பிரித்துப் பார்க்க வேண்டியவை கடைசியில். எண்களை 12 வோல்ட் வண்டிக்குச் சொல்கிறேன். 24 வோல்ட் வண்டியென்றால் பேட்டரி, சார்ஜிங் வோல்டேஜ்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இரட்டிப்பாக்கக் கூடாத இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. விலை உயர்ந்தது தேவையில்லை, ஆனால் 10 ஆம்பியர் வரை கரண்ட் அளக்கும் வசதி இருக்க வேண்டும். உள்ளே ஃபியூஸ் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். யாரோ எப்போதோ எரித்துவிட்ட ஃபியூஸோடு கரண்ட் அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். நின்ற வண்டியில் கரண்ட் கசிவே இல்லை என்று நம்பிவிடுவீர்கள்.

டெஸ்ட் லாம்ப் ஒன்று. ஹோல்டரில் ஒரு இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், நுனியில் கிளிப், அவ்வளவுதான். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. பல்பு இழுக்கும். அதனால் பல்பு மங்கலாக எரியும், குட்டு வெளிப்படும்.

மற்றபடி ஸ்பேனர், ஒயர் பிரஷ், எமரி தாள், சமையல் சோடா, பெட்ரோலியம் ஜெல்லி, நாலைந்து மீட்டர் நீளத்தில் ஓர் ஒயர். பேட்டரியில் மூடி திறக்கும் என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் வேண்டும்.

2. தொடுவதற்கு முன்

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயர் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேஸிஸில் பட்ட நொடியில் முழு ஷார்ட். எர்த் ஏற்கெனவே விலகியிருந்தால் ஸ்பேனர் சேஸிஸில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது.

மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடியும் கூடாது, பொறியும் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ‘சார்ஜ் ஆகிறதா’ என்று பார்க்காதீர்கள். டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, ஏசியை டிசியாக்கும் டயோடையும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அடித்துவிடும். நல்ல ஆல்டர்னேட்டர் அங்கேயே கெட்டுப்போகும். டீசல் இன்ஜின் எப்படியும் நிற்காமல் ஓடும் என்பதால் இந்தச் சோதனை எதையும் சொல்லவும் போவதில்லை.

3. அறிகுறியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன் ஓட்டுபவரிடம் விசாரியுங்கள். ராத்திரி நிறுத்தி வைத்தால் மட்டும் இறங்குகிறதா, ஓடி வந்து நிறுத்திய பத்து நிமிடத்தில்கூட ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? முதலாவது என்றால் பழைய பேட்டரி அல்லது கசிவு. இரண்டாவது என்றால் சார்ஜிங் பக்கமோ, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் ஒயரோ.

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தமும் வழி காட்டும். டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்தால் வோல்டேஜ் போதவில்லை. ஒரே ஒரு டக் சத்தத்தோடு நின்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் தடித்த ஒயர்கள். சத்தமே இல்லை, ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது என்றால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, சாலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் சுவிட்ச்) போகும் மெல்லிய ஒயர்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் வண்டிக்கு ஓடுவதற்குக் கரண்ட் வேண்டியதில்லை. ஆகவே ஆல்டர்னேட்டர் செத்துப்போய் மூன்று நாள் ஆகியிருக்கும், ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்காது. ‘நேற்று வரை நன்றாக இருந்தது’ என்பதை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பேட்டரியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு வேறு எதை அளந்தாலும் எண்கள் ஏமாற்றும். அதனால்தான் இது முதலில்.

ஓடி வந்து நிறுத்திய வண்டியில் உடனே அளக்காதீர்கள், மேலோட்டமான சார்ஜ் அதிகமாகக் காட்டும். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அளப்பது நல்லது. அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, இன்னும் சில நிமிடம் கழித்து அளக்கலாம்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால், 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். 12.4-க்குக் குறைவாக இருந்தால் வெளி சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிய பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மூடி திறக்கும் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் நம்பகமானது. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.265 முதல் 1.280 வரை காட்டும். எண்ணைவிட செல்லுக்குச் செல் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள், தண்ணீர் மேலே மிதந்து தப்பாகக் காட்டும்.

கடைசியாகப் பளு சோதனை. டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் பிடிக்காதபடி பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். இன்னொருவர் பேட்டரியில் மீட்டரைப் பார்க்கட்டும். முழு சார்ஜில் இருந்த பேட்டரி 9.6-க்குக் கீழே விழுந்தால் அதற்கு வலு இல்லை. 12.6 காட்டும் பேட்டரிகூட இந்த இடத்தில் 7-க்கு விழுவதுண்டு. நின்ற இடத்து வோல்டேஜை மட்டும் பார்த்து ‘பேட்டரி நல்லது’ என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

5. டெர்மினல்களும் எர்த்தும்

பழைய லாரியில் பாதிக் கோளாறு இங்கேதான் இருக்கும். அவசரப்படாமல் பாருங்கள்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள். மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். ஒயர் நுனியில் உள்ள கிளாம்பைக் கழற்றி அதன் உள்பக்கத்தையும், பேட்டரியின் முனையான போஸ்ட்டையும் ஈயம் மின்னும் வரை தேய்த்து, மாட்டி இறுக்கி, அதன் பிறகு ஜெல்லி தடவுங்கள். சிலர் முதலில் தடவிவிட்டு மாட்டுகிறார்கள். உலோகம் உலோகத்தோடு ஒட்டிய பின் மேலே போடும் காப்புதான் அது.

லாரியில் எர்த் என்பது ஒரே ஒயர் அல்ல. பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து கேபினுக்கு ஒன்று. இன்ஜினும் கேபினும் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. பேட்டரி ஒயரை மட்டும் பார்த்துவிட்டு எர்த் பார்த்தாயிற்று என்று சொல்பவர்கள் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜின் எர்த் போய்விட்டால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியே திரும்பும். செல்ஃப் அடித்த உடனே அந்த கேபிள்கள் சூடாக இருந்தாலோ, அடிக்கடி இறுகிப்போனாலோ நேராக இன்ஜின் எர்த்தைப் போய்ப் பாருங்கள்.

கேபின் எர்த் மோசமானால் வேறு மாதிரி வேடிக்கை நடக்கும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் மீட்டர் ஏறும், வைப்பர் போட்டால் டேஷ்போர்டு விளக்கு மங்கும். பின்னால் இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட்டும் சேர்ந்து துடித்தால் அந்த விளக்குக் கூட்டின் எர்த் போயிருக்கிறது.

எர்த் போல்ட்டைக் கழற்றி, லக் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) உட்காரும் இடத்தில் பெயிண்ட்டும் துருவும் போகத் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த வண்டியில் திடீரென்று எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தால் காரணம் தேட வேண்டியதே இல்லை. எர்த் லக்குக்கு அடியிலும் பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

6. பெல்ட்

இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். பெல்ட் இறுக்கமாக இருந்தாலும் பக்கவாட்டு கண்ணாடி போலப் பளபளத்திருந்தால் வழுக்கும். பளுவில்லாதபோது நன்றாகச் சுற்றி, ஹெட்லைட் போட்டதும் வழுக்கி சார்ஜைக் கெடுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங் போகும். இதற்கு மேல் பெல்ட்டில் ஒன்றும் இல்லை.

7. இன்ஜின் ஓடும்போது அளவு

இப்போது பேட்டரி நிறைந்திருக்கிறது, டெர்மினல் சுத்தம், பெல்ட் சரி. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலை விடச் சற்று ஏற்றி, பேட்டரி போஸ்ட்டில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது.

அதோடு விட்டுவிடாதீர்கள். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மோட்டார் எல்லாவற்றையும் போட்டு மறுபடி பாருங்கள். 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். பளுவில்லாதபோது 14.2 காட்டிப் பளுவோடு 12.5-க்கு இறங்கும் ஆல்டர்னேட்டரில் டயோடு ஒன்று போயிருக்கலாம், வழியில் ஒயர் இணைப்பு மோசமாக இருக்கலாம், அல்லது பின்னாளில் மாட்டிய விளக்குகளுக்கு அதன் கொள்ளளவு போதாமல் இருக்கலாம். பழைய வண்டிகளில் 35, 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் இருக்கும். 12 வோல்ட்டில் நூறு வாட் பல்பு ஒன்று 8 ஆம்பியருக்கு மேல் விழுங்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

15-ஐத் தாண்டினால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். பேட்டரி கொதிக்கும், தண்ணீர் அடிக்கடி குறையும், பல்புகள் ஒவ்வொன்றாக எரியும். ரெகுலேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், அது வெளியே தனிப் பெட்டியாக இருந்தால் அதன் எர்த்தைப் பாருங்கள். எர்த் சரியில்லாத ரெகுலேட்டர் வோல்டேஜ் குறைவு என்று தவறாக எண்ணி மேலும் மேலும் ஏற்றும்.

8. வழியில் எங்கே தொலைகிறது?

ஆல்டர்னேட்டர் 14.3 தருகிறது, பேட்டரிக்கு 13.2-தான் வந்து சேருகிறது. நடுவில் தொலைந்த 1.1 வோல்ட்டைக் கண்டுபிடிக்கும் முறைதான் இந்த வழிகாட்டியிலேயே அதிகம் பயன்படக்கூடியது. ஒயரைக் கழற்றி ஓம்ஸ் பார்ப்பதில் பயனில்லை, மிகச்சிறிய ரெசிஸ்டன்ஸை சாதாரண மீட்டர் பிடிக்காது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

இன்ஜின் ஓடட்டும், எல்லா விளக்கும் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை ஆல்டர்னேட்டரின் தடித்த அவுட்புட் போல்ட்டில், கறுப்பு முனை பேட்டரியின் பிளஸ் போஸ்ட்டில். அந்த நீள ஒயர் இதற்குத்தான். 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், 24 வோல்ட் வண்டியில் 0.5 வரை விடலாம். இந்த எண்ணை இரட்டிப்பாக்க வேண்டாம்.

அடுத்து எர்த் பக்கம். ஒரு முனை ஆல்டர்னேட்டர் உடம்பில், இன்னொன்று பேட்டரி மைனஸ் போஸ்ட்டில். 0.2-க்குள் இருக்க வேண்டும்.

அதிகமாகக் காட்டினால் ஒரு முனையை அங்கேயே வைத்து, மறு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எண் எந்த இணைப்பைத் தாண்டும்போது சட்டென்று குதிக்கிறதோ, கோளாறு அங்கே.

முனையைக் கிளாம்பில் வைக்காமல் பேட்டரி போஸ்ட்டின் ஈயத்தில் வைக்க வேண்டும். கிளாம்பில் வைத்தால் போஸ்ட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே உள்ள இழப்பு கணக்கிலேயே வராது.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றாலும் இதே முறைதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவில் 0.5-க்கு மேல் போனால் ஒயரோ லக்கோ மோசம். வெளியே ரப்பர் புதிதாகத் தெரிந்தாலும் லக் அருகே உள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்திருக்கும். அந்த இடத்தை விரலால் மடக்கினால் நறநறவென்று இருக்கும்.

அம்மீட்டர் உள்ள வண்டியில் சார்ஜிங் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு வரை போய்த் திரும்புகிறது. அம்மீட்டரின் பின்னால் நட்டு லூஸானால் வோல்டேஜும் தொலையும், சூடாகி நெருப்பும் பிடிக்கும். தேடும்போது அந்த இரண்டு நட்டையும் விட்டுவிடாதீர்கள். எர்த்தைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

9. சார்ஜிங் விளக்கு சொல்வது

பல வண்டிகளில் டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு எச்சரிக்கை மட்டும் அல்ல. அதன் வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் காந்தத்தைத் தருகிறது. அந்தச் சின்ன பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் எழும்பாமலே இருக்கலாம், அல்லது நன்றாக ரேஸ் செய்த பிறகுதான் எழும்பும். எல்.இ.டி. பல்பு மாற்றினாலும் இதே கதை, அது விடும் கரண்ட் போதாது.

சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டரில் டி பிளஸ் எனக் குறித்த மெல்லிய ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், ஒயர் என்று பின்னோக்கிப் போங்கள். தடித்த ஒயரை மறந்துபோய்கூட எர்த்தில் தொட்டுவிடாதீர்கள், அது நேராக பேட்டரி.

ஓடும்போது மங்கலாக எரிந்தால் டயோடைச் சந்தேகியுங்கள். சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் டயோடு ஷார்ட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

10. ஆல்டர்னேட்டரைக் கழற்றும் கட்டம்

இங்கே வரும்போது மேலே உள்ளதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை மிச்சம். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, பேட்டரியில் அளங்கள். 0.5-க்கு மேல் ஏசி காட்டினால் டயோடு போயிருக்கிறது. சில மலிவு மீட்டர்கள் ஏசியில் வைத்தால் டிசியையே 25, 28 என்று காட்டும். அதனால் இன்ஜினை நிறுத்தி ஒருமுறை வைத்துப் பாருங்கள், அப்போதும் எண் வந்தால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது.

டயோடு நன்றாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால் முதலில் கார்பன் பிரஷ். ஆல்டர்னேட்டரைக் கட்டையால் லேசாகத் தட்டினால் திடீரென்று சார்ஜ் வந்து, கொஞ்ச தூரத்தில் மறுபடி போனால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வெளியே 5 மி.மீ. அளவுக்குத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். பல மாடல்களில் பின்னால் இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் ரெகுலேட்டரோடு சேர்ந்து வந்துவிடும், முழு ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டியதில்லை. பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் கறுத்திருந்தால் மெல்லிய எமரி தாளால் ஒரு துடை துடைத்துவிட்டுப் புது பிரஷ் போடுங்கள்.

11. நின்ற வண்டியில் பேட்டரி இறங்குகிறதா?

எல்லா சுவிட்சும் அணைந்திருக்கட்டும், கதவு மூடியிருக்கட்டும். பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றி, போஸ்ட்டுக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் வழியில் மாட்டுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது, செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போகும். கரண்ட் வழியில் ஒயரை மாட்டிவிட்டு அப்படியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து வோல்ட் பார்க்க முயல்வதும் உண்டு. அது நேரடி ஷார்ட்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அரை ஆம்பியர் காட்டினால் 100 ஆம்பியர் மணி பேட்டரி நாலு நாளில் பாதியாகும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் கசிவு. எதை எடுத்தும் குறையவில்லையா? ஃபியூஸ் வழியாக வராதவை மிச்சம்: பின்னாளில் நேரடியாக பேட்டரியில் மாட்டிய பாட்டுப் பெட்டி, டிராக்கர், கூடுதல் ஹார்ன், அப்புறம் ஆல்டர்னேட்டர். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தும் ஆல்டர்னேட்டர் உடம்பு லேசாகச் சூடாக இருந்தால் டயோடு வழியே கரண்ட் பின்னோக்கி ஓடுகிறது. உறுதி செய்ய, எர்த்தை முழுதாகக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை விலக்கி அதன் லக்கில் டேப் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள்.

12. 24 வோல்ட் வண்டியில் மட்டும் வருவது

இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். மொத்தம் 28 சரியாக இருக்கும், ஆனால் ஒன்றில் 12.5, மற்றதில் 15.5 என்று பிரிந்திருக்கும். குறைவாகக் காட்டுவதில் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் பங்கையும் சேர்த்து வாங்கி மற்றது கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சமநிலை கெடுவதற்கு இன்னொரு காரணம், பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுப்பது. அந்த பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும், ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகவே ஏற்றும். கன்வெர்ட்டர் போட்டு 24-லிருந்து எடுப்பதுதான் முறை. மாற்றும்போது இரண்டையும் ஒரே திறனில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

13. ஃபியூஸும் லூஸ் கான்டாக்ட்டும்

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், சிகரெட் தாள் சுற்றுவது அதைவிட மோசம். ஃபியூஸ் காப்பது ஒயரை. ஃபியூஸ் போகாவிட்டால் ஒயர் போகும், அது கேபின் தரைக்கு அடியில் இருக்கும். ஃபியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லாம்ப்பை மாட்டி, அந்த வழியிலுள்ள விளக்கு, மோட்டார்களை விலக்கிவிட்டு, ஒயர் கட்டைப் பகுதி பகுதியாக ஆட்டிப் பாருங்கள். எந்த இடத்தை ஆட்டும்போது பல்பு அணைந்து எரிகிறதோ அங்கே ரப்பர் உரிந்து உலோகத்தில் படுகிறது. சேஸிஸ் துளைகளின் ஓரம், கேபின் மடங்கும் இடம், பேட்டரிப் பெட்டிக்குப் பின்புறம் ஆகிய மூன்றையும் முதலில் ஆட்டுங்கள்.

பிளஸ் ஒயரின் தொடக்கத்தில் ஃபியூஸிபிள் லிங்க் (ஃபியூஸ் போல உருகும் ஒயர்த் துண்டு) இருந்தால் வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். உறை முழுதாக இருக்கும், உள்ளே உருகியிருக்கும். லேசாக இழுத்தால் ரப்பர் போல நீண்டால் அது போய்விட்டது. மாற்றும்போது சாதாரண ஒயர் போடாமல் அதே அளவு லிங்க்தான் போட வேண்டும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றிய பழைய ஒட்டுகள் கண்ணில் பட்டால் அந்தந்த இடத்திலேயே வெட்டி, கிரிம்ப் செய்து, சுருங்கும் டியூப் போட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஏழாம் படியின் அளவுகளை மறுபடி எடுத்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வண்டி மக்கர் செய்யும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால் நேராக அந்தப் படியிலேயே தொடங்கலாம்.